பெட்டி ஏறுவதற்கு முன்

ஹாம்பர்க்
12 மே 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தமிழினி எழுதுகிறேன். நானும் அனுவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அம்மாவின் பிரஷர், அண்ணியின் முட்டிவலி, உன் வயிற்றுப்புண் மூன்றும் எப்படி இருக்கின்றன?

ஊரே போனில் பேசும்போது இவள் எதற்குக் காகிதத்தோடு வருகிறாள் என்று நினைப்பாய். போன் என்னிடம் இல்லை. சுங்கக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

போன வியாழக்கிழமை காலை அனுவைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து கடை ஷட்டரைத் தூக்கினேன். பின்னாலேயே நான்கு பேர் உள்ளே வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்த மரியாதைதான் என்னைப் பயமுறுத்தியது. கம்ப்யூட்டர், போன், பில் ஃபைல்கள் எல்லாவற்றையும் எடுத்து ஒட்டி முத்திரை போட்டார்கள். அடுக்கி வைத்திருந்த இட்லிப் பானைகளைக்கூட ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். ஏப்ரல் கடைசியில் இங்கே துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் பெட்டியிலிருந்து லேசாகப் புகை வந்திருக்கிறது. எவர்சில்வர் பாத்திரம் என்று எழுதியிருந்ததால் ஒரு தொழிலாளி சாதாரணமாகக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே முழுக்கக் கொட்டாங்கச்சிக் கரி. காற்றுப் பட்டதும் குபீரென்று பிடித்துக்கொண்டது. அவருக்கு இரண்டு கைகளும் முகத்தில் ஒரு பக்கமும் வெந்துவிட்டன. பெட்டி சென்னையிலிருந்து வந்தது. பெறுபவர் என்ற இடத்தில் என் கடையின் பெயரும் என் சுங்க எண்ணும் இருக்கின்றன.

நான் ஜென்மத்தில் கரி வாங்கியதில்லை அண்ணா. அனுவின் அப்பா இருந்தவரை எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். அவர் போன இந்த இரண்டு வருஷமாக இந்தக் கடையை வைத்துத்தான் எனக்கு இங்கே இருக்க அனுமதி. அக்டோபரில் அதைப் புதுப்பிக்க வேண்டும். வழக்கு முடிகிறவரை என் விண்ணப்பத்தைத் தொட மாட்டார்களாம்.

நீ இருபது வருஷமாக இதே தொழிலில் இருக்கிறாய். என் எண் ஊர் பேர் தெரியாதவன் பெட்டிமேல் எப்படிப் போய் உட்காரும்? நான் இங்கே அமர்த்தியிருக்கும் வக்கீலம்மா இதைப் பற்றிப் போனில் யாரிடமும் பேசக்கூடாது, எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரியின் போனிலிருந்து அம்மாவிடம் பேசுகிறேன். என் போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே சொல்.

அனு உன்னைக் கேட்டாள். அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை,
தமிழினி


முடிச்சூர்
24 மே 2025

அன்புத் தங்கை தமிழினிக்கு,

அண்ணனின் ஆசிகள். அம்மாவின் பிரஷர் மாத்திரைக்கு அடங்கியிருக்கிறது. அண்ணி யாரோ சொன்னார்கள் என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கிறாள். என் வயிற்றைப் பற்றிக் கேட்காதே.

உன் கடிதத்தை ஆபீஸ் போகும் வழியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். முதலில் ஒன்று சொல்கிறேன், பயப்படாதே. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்.

நீ கேட்டதற்குப் பதில். ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு பெட்டிக்கும், கப்பலில் ஏற்றுவதற்கு இருபத்து நான்கு மணி நேரம் முன்பே முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். யார் அனுப்புகிறார், யார் வாங்குகிறார், உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் அது. ஆபத்தான சரக்கு என்றால் கப்பலில் ஏறும் முன்பே அங்கே தெரிந்துவிட வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இப்போது ரொம்பக் கறாராக்கிவிட்டார்கள். 'பொதுச் சரக்கு' என்று மொட்டையாக எழுதினால் கம்ப்யூட்டரே திருப்பியடிக்கும். பெறுபவரின் சுங்க எண் இல்லாவிட்டாலும் கேள்வி வரும். ஆயிரக்கணக்கான எண்கள் ஓடும் இடத்தில் எங்கேயோ ஒன்று மாறி விழுந்திருக்கும். எனக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் சொல், அதற்கு மேல் வாயைத் திறக்காதே.

எனக்கு இரண்டு விவரம் வேண்டும். அந்த முன்னறிவிப்பு எந்தத் தேதியில் பதிவானது என்று காட்டினார்களா? பதிவு செய்த ஆபீஸின் பெயர் அதில் இருக்கிறதா? இதை மட்டும் மறக்காமல் எழுது. அண்ணன் இந்தத் தொழிலில் இருக்கிறான் என்று அங்கே யாரிடமும் சொல்ல வேண்டாம். வீண் குழப்பம்.

அந்தத் தொழிலாளி எப்படி இருக்கிறார்?

அனுவுக்கு முத்தம்.

அன்பு அண்ணன்,
சு. தயாளன்


ஹாம்பர்க்
3 ஜூன் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. நாங்கள் இருக்கிறோம். அனுவுக்குச் சளி, பயப்படும்படி இல்லை. அங்கே வெயில் எப்படி?

நீ கேட்ட இரண்டு விவரமும் கிடைத்துவிட்டன. நீ கேட்காமல் இருந்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

வக்கீலம்மா நேற்றே ஃபைலை வாங்கி வந்தார். எட்டுப் பக்கம். முன்னறிவிப்பு பதிவானது மார்ச் 7, வெள்ளிக்கிழமை. என் எண் இருந்தது அந்த ஒரு பெட்டியில் மட்டுமில்லை. பன்னிரண்டு பெட்டிகள். பதினொன்றில் ஓரிரு நாளில் என் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டாவதில் எடுக்கவில்லை. பன்னிரண்டுக்கும் பதிவு செய்தது ஒரே ஆபீஸ். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிறது. உன் விசிட்டிங் கார்டு என் மேஜை டிராயரில் கிடக்கிறது, முகவரியைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

போன நவம்பரில் என் கடைக்குப் பாத்திரம் அனுப்பினாயே, அப்போது உனக்கு மட்டும்தான் அந்த எண்ணைக் கொடுத்தேன்.

அதிகாரி என்னிடம், நீங்கள் யாருக்காவது உங்கள் எண்ணை வாடகைக்கு விட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தத் தொழிலாளியைப் பற்றிக் கேட்டிருந்தாய். துருக்கிக்காரர், இரண்டு பிள்ளைகள். இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நான் அந்த ஆஸ்பத்திரி வழியாகப் போகும் பஸ்ஸில் இப்போது ஏறுவதில்லை. சுற்றிக்கொண்டு போகிறேன்.

அண்ணா, மடியில் கனம் யாருக்கு? உடனே எழுது.

தமிழினி


முடிச்சூர்
21 ஜூன் 2025

அன்புள்ள தமிழினிக்கு,

எல்லோரும் சௌக்கியம். அனுவின் சளிக்கு ஓமம் கட்டி முகரக் கொடு. பதில் தாமதமாகிவிட்டது, ஆபீஸில் வேலை கழுத்தை நெரிக்கிறது.

கோபப்படாமல் படி. எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. இங்கே மட்டும் என்றில்லை, பல இடத்தில் உண்டு. கெடு முடியப்போகும், பெறுபவரின் விவரம் வந்து சேர்ந்திருக்காது. கட்டத்தைக் காலியாக விட்டால் பெட்டி அந்தக் கப்பலைத் தவறவிடும். அதனால் ஏற்கெனவே திருப்பியடிக்காமல் போன ஒரு பழைய பதிவை அப்படியே எடுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். சரியான காகிதம் வந்ததும் மாற்றிவிடுவோம். இதற்கு ஆபீஸில் 'துண்டு போடுறது' என்று பெயர். தாம்பரத்தில் கிளம்பும் மின்சார ரயிலில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதேதான்.

உன் பாத்திரப் பதிவு ஒரு கேள்வியும் இல்லாமல் முதல் தடவையே போனது. அதனால் சில தடவை அதைத் துண்டாகப் போட்டேன். பதினொன்றையும் மாற்றிவிட்டேன், நீயே பார்த்தாய். அந்த ஒன்றுதான் விட்டுப்போனது. அந்தச் சனிக்கிழமை அம்மாவுக்கு மயக்கம் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்தப் பதற்றத்தில் மறந்துவிட்டேன். உனக்குச் சொன்னால் பயப்படுவாய் என்று அப்போது சொல்லவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை.

இதை நீ வெளியில் சொன்னால் என் வேலை போகும். அதோடு நிற்காது என்றும் பயமாக இருக்கிறது. கொஞ்சம் பொறு, மேனேஜர் சத்யநாராயணன் சாரிடம் பேசி ஒரு வழி பண்ணுகிறேன்.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

அண்ணா


ஹாம்பர்க்
1 ஜூலை 2025

அண்ணாவுக்கு,

அனுவுக்குச் சளி தேவலை. அம்மாவின் உடம்பைப் பற்றி உன்னைக் கேட்டுப் பிரயோசனமில்லை என்பதால் அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 8, சனிக்கிழமை, அம்மா ஆஸ்பத்திரியில் இல்லை. கூடுவாஞ்சேரியில் சித்தப்பா மகன் வீட்டுக் கிருகப்பிரவேசத்தில் இருந்தாள். அங்கிருந்து எனக்கு வீடியோவில் பேசினாள், பசுமாட்டை வீட்டுக்குள் கூட்டிவந்ததைக் காட்டினாள். அவளுக்குப் பின்னால் நீ பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். பச்சைச் சட்டை. தீபாவளிக்கு நான் அனுப்பியது.

பொய் சொல்ல வேண்டும் என்றால் என்னை வைத்துச் சொல், அம்மாவை ஏன் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கிறாய்?

துண்டு போட்டவன் வந்து உட்கார வேண்டும் அண்ணா. நீ என் துண்டைப் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாய். இப்போது டிக்கெட் கேட்டு என்னிடம் வருகிறார்கள்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். இந்த எண்ணை என் தங்கைக்குத் தெரியாமல் நான்தான் போட்டேன் என்று எழுதி, உன் முழுப் பெயரோடு, கையெழுத்தோடு. ஆகஸ்ட் கடைசிக்குள் அது வர வேண்டும். செப்டம்பர் ஒன்றாம் தேதி வக்கீலம்மா எங்கள் பக்கத்துப் பதிலைக் கொடுக்கிறார். அதற்குப் பிறகு வந்தால் சேர்க்க முடியுமா என்று தெரியாது என்கிறார்.

நான் உள்ளே போக நேர்ந்தால் அனுவை யாரிடம் விடுவார்கள் என்று அவரைக் கேட்டேன். அப்படி ஆகாது என்று சொல்வார் என்று நினைத்தேன். குழந்தைகள் நல அலுவலகம் எடுத்துக்கொள்ளும், நல்ல குடும்பமாகப் பார்த்து வைப்பார்கள் என்றார். அன்றிலிருந்து அவள் தூங்கும்போது அவள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். முதல் கடிதத்தில் 'சு. தயாளன்' என்று வால் நீட்டிக் கையெழுத்துப் போட்டாய். இரண்டாவதில் வெறும் 'அண்ணா'. ஏன்?

தமிழினி


ஹாம்பர்க்
24 ஜூலை 2025

அண்ணா,

உடம்பு எப்படி என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன்.

இருபத்து மூன்று நாள் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசும்போது பின்னால் நீ இருமியது கேட்டது. போனைக் கொடு என்றேன். "இன்னா தெரில, எழுந்து வெளிய போய்ட்டான்" என்றாள்.

நேற்று கடைக்கு ஒரு ஆள் வந்து தோசைக்கல் விலை கேட்டார். ஜெர்மன்காரர். எங்கிருந்து எப்படி வருகிறது, யார் அனுப்புகிறார்கள் என்றெல்லாம் விசாரித்தார். நிஜமாகவே தோசைக்கல் வாங்க வந்தவர்தான். வாங்கிக்கொண்டு போனார். அவர் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பின்னறையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

தமிழினி


முடிச்சூர்
29 ஜூலை 2025

அன்பு நாத்தனார் தமிழினிக்கு,

அண்ணி மிருதுளா எழுதுவது. நீயும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நான் கடிதம் எழுதிப் பதினைந்து வருஷம் ஆகிறது, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

உனக்கும் உன் அண்ணனுக்கும் ஏதோ கடிதப் போக்குவரத்து நடக்கிறது என்று தெரியும். கேட்டால், போன் இல்லாததால் எழுதுகிறாள் என்கிறார். தண்ணீரில் விழுந்த போனுக்கு மூன்று மாசமா? சரி, அண்ணன் தங்கை விஷயம், நான் நடுவில் வரவில்லை.

ஆனால் இவர் சரியில்லை தமிழினி. சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். காஸ் அடுப்பைப் பற்ற வைத்தால் சமையலறையை விட்டுப் போய்விடுகிறார். போன வெள்ளிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் குன்றத்தூர் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். என்ன வேண்டுதல் என்றேன். இனிமேல்தான் வேண்டிக்கொள்ள வேண்டும் என்றார். வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் பின்பக்கம் துணி எடுக்கப் போகிறார். இத்தனை வருஷத்தில் அவர் துணி எடுத்து நான் பார்த்ததில்லை. அத்தை வேறு, "இன்னாடா, எவன் கைலயாவது மாட்டிக்கினியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நேற்று அலமாரியைத் துடைக்கும்போது அவர் சட்டைகளுக்கு அடியில் உன் முகவரி எழுதிய கவர் ஒன்று இருந்தது. ஸ்டாம்ப் எல்லாம் ஒட்டியிருந்தது. மனுஷன் இருக்கிற நிலையில் தபாலில் சேர்க்க மறந்துவிட்டார் போல. பிரித்துப் பார்க்கவில்லை. இதோடு வைத்து நானே அனுப்புகிறேன். பாவம், நீ எத்தனை நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாயோ.

அனுவுக்கு அத்தையின் முத்தங்கள். முட்டி தேவலை, வெந்தயத்தால் அல்ல, மாத்திரையால்.

அன்புடன்,
மிருதுளா


(மிருதுளாவின் கடிதத்தோடு வந்த கவரில் இருந்தது)

முடிச்சூர்
13 ஜூலை 2025

தமிழினி,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

மார்ச் 7 வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் பதிவைத் துண்டாகப் போட்டேன். பெட்டி ஏற வேண்டியது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கிருகப்பிரவேசத்துக்குக் கிளம்பி நிற்கும்போது, சரியான காகிதம் என் போனுக்கு வந்துவிட்டது. சரக்கு: கொட்டாங்கச்சிக் கரி. பெறுபவர் வேறு ஊர்க்காரர்.

நான் மறக்கவில்லை. பார்த்தேன். மாற்றுவதற்கு அன்று ராத்திரி வரை நேரமும் இருந்தது. கரி என்று மாற்றினால் தானாகச் சூடேறும் சரக்கு என்று சான்றிதழ் கேட்பார்கள், எங்களிடம் இல்லை. பெட்டி அந்தக் கப்பலில் ஏறாது. சத்யநாராயணன் சாருக்குப் போன் போட்டேன்.

"பாத்திரம்னே போயிடுச்சுல்ல? விடுப்பா, ஏறட்டும். யாரு திறந்து பாக்கப் போறாங்க?" என்றார்.

சரி சார் என்றேன். அது உன் பெயர் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பெட்டியைக் கரி வாங்கியவரே வந்து எடுத்துக்கொள்வார், பெயரைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம், உனக்குத் தெரியவே போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூடுவாஞ்சேரிக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். பாயசம் இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். அதைத்தான் நீ வீடியோவில் பார்த்தாய்.

யாரோ ஒருவர் திறந்து பார்த்தார். பாத்திரம் என்று நான் எழுதியதை நம்பித் திறந்தார். அவருடைய கைகள் தினமும் என் கண்ணில் வருகின்றன. அவர் முகம் எனக்குத் தெரியாது, கைகள் மட்டும் வருகின்றன. தீப்பிடித்த செய்தி வந்ததும் கரி வாங்கியவர் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று ஒதுங்கிக்கொண்டார். அப்போதே உன்னிடம் யாரோ வருவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் உன் கடைக்கு வரும்வரை ஒன்பது நாள் உனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தேன்.

பதிவு செய்த லாகின் என் பெயரில் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டால் உள்ளே போவது நான்தான், சத்யநாராயணன் சார் இல்லை. எனக்கு நாற்பத்தைந்து வயது. அம்மா இருக்கிறாள், மிருதுளா இருக்கிறாள். இதை உனக்கு அனுப்புவேனா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,




ஹாம்பர்க்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அனுவும் இருக்கிறோம். நீ சாப்பிடுகிறாயா?

அண்ணி அனுப்பிய கவர் வந்துவிட்டது. அவளைத் திட்டாதே, அவள் நல்லதென்று நினைத்துச் செய்தாள். அதில் 'இப்படிக்கு' என்பதற்குக் கீழே காலியாக இருந்தது. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வக்கீலம்மாவும் பார்த்தார். கையெழுத்து இல்லாமல் இது யார் எழுதியது என்று கேட்பார்கள் என்றார்.

படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பச்சைச் சட்டையில் நீ பாயசம் சாப்பிட்டதுதான் ஞாபகம் வந்தது. மறுநாள் காலை அனு கோடை வகுப்புக்குக் கிளம்பும்போது, அம்மா, நான் திரும்பி வரும்போது நீ இருப்பாயா என்று கேட்டாள். நான் அவளிடம் எதுவும் சொன்னதில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறாள். அப்போது கோபம் வந்தது, அது இன்னும் போகவில்லை.

நான் ஒன்று செய்யப்போகிறேன். அதை உனக்கு முன்கூட்டியே சொல்கிறேன்.

உன் மூன்று கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. பயப்படாதே என்று எழுதியது, துண்டைப் பற்றி எழுதியது, கையெழுத்தில்லாதது. மூன்றிலும் ஒரே கையெழுத்துதான் என்று குழந்தைகூடச் சொல்லும், முதலாவதில் உன் பெயரும் இருக்கிறது. மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்க்கக் கொடுத்துவிட்டேன். செப்டம்பர் ஒன்றாம் தேதி வக்கீலம்மா அவற்றைக் கொடுத்துவிடுவார். அங்கிருந்து உன் ஆபீஸுக்கும், உன் ஊர்ப் போலீசுக்கும் எப்போது போகும் என்று எனக்குத் தெரியாது. போகும்.

என் அண்ணனை நானே பிடித்துக் கொடுக்கிறேன்.

நீ எனக்குச் சொல்லாமல் செய்தாய். நான் உனக்குச் சொல்லாமல் செய்ய மாட்டேன். ஏற்றுவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும் என்று நீதானே எழுதினாய். சொல்லிவிட்டேன். இது உன் கைக்கு வரும்போது உனக்குப் பத்து நாளாவது மிச்சம் இருக்கும்.

அம்மாவுக்குப் போலீஸ்காரர் வாயால் தெரிய வேண்டாம். நீ சொல்.

உன் தங்கை,
தமிழினி


முடிச்சூர்
22 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கை தமிழினிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். அம்மா, மிருதுளா இருவரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறார்கள். நான் சாப்பிடுகிறேன். முந்தாநாளிலிருந்துதான்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மொட்டை மாடிக்குப் போய்ப் படித்தேன். படித்து முடித்ததும் முதலில் உன்மேல் கோபம் வந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரத்த சம்பந்தம் என்று ஒன்று இல்லையா என்று தோன்றியது. அப்புறம் பன்னிரண்டு தடவை உன் பெயரை எடுத்துப் போட்டபோது அந்த ரத்த சம்பந்தம் எங்கே போயிருந்தது என்று நானே கேட்டுக்கொண்டேன். கீழே இறங்கி வந்துவிட்டேன்.

இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். மிருதுளா எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்தக் கவரை அனுப்பியது தானே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அழுதாள், ஆனால் அனுப்பியதற்காக இல்லை என்றாள். அம்மாவுக்குக் கப்பல், கெடு, சுங்க எண் எதுவும் புரியவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"நம்ம பொண்ணு பேர இன்னாத்துக்குடா ஊரான் பொட்டி மேல எழுதின?"

ஆபீசருக்குச் சொல்லப் பதில் தயாரித்து வைத்திருந்தேன், சத்யநாராயணன் சாருக்கு வைத்திருந்தேன். அம்மாவுக்கு வைத்திருக்கவில்லை.

புதன்கிழமை தாம்பரம் கோர்ட் வாசலில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். நடந்ததை எல்லாம் எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். அதை நேற்று கூரியரில் உன் வக்கீலம்மாவுக்கே அனுப்பிவிட்டேன். ஐந்து நாளில் வந்துவிடும் என்றார்கள். ஒன்றாம் தேதிக்குள் சேர்ந்துவிடும். அதன் நகலை வக்கீல் சொன்னபடி இங்கே போலீசிலும் கொடுத்துவிட்டேன். கூப்பிட்டு அனுப்புவோம், ஊரை விட்டுப் போகாதே என்றார்கள். சத்யநாராயணன் சாருக்கும் சொன்னேன். "லாகின் உன்னோடதுப்பா, நான் எதுவும் சொல்லலை" என்றார். அவர் அப்படித்தான் சொல்வார் என்று தெரியும்.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசை, ஆனால் போகவில்லை. உனக்கு மூன்று மாசமாக எப்படி இருந்திருக்கும் என்று இந்த மூன்று நாளில் தெரிகிறது. கடிதங்களைக் கொடுப்பதா வேண்டாமா என்று நீ தடுமாறாதே. ஒன்று விடாமல் கொடு. பயப்படாதே என்று எழுதினேனே, அதையும் சேர்த்துக் கொடு.

அந்தத் தொழிலாளிக்கு என் பெயரைச் சொல்ல முடிந்தால் சொல். மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, அது நான் கேட்க வேண்டியது. பெட்டிமேல் எழுதியது யார் என்று அவருக்குத் தெரியட்டும்.

அனுவிடம், சாயங்காலம் நீ வரும்போது அம்மா வீட்டில் இருப்பாள் என்று மாமா சொன்னதாகச் சொல்.

வாசலில் ஏதோ வண்டி வந்து நிற்கிறது. கேட்டைத் தட்டுகிறார்கள். பால்காரர் இந்த நேரத்துக்கு வர மாட்டார். மிருதுளா என்னைப் பார்க்கிறாள். நானே போய்த் திறக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இதை முடித்துவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
சு. தயாளன்
தகப்பனார் பெயர் சுப்பராயலு
முடிச்சூர், தாம்பரம் மேற்கு